நோயலுக்குத் தெரியாத சிவப்பு

ரயில் என்ஜின் ஓட்ட வேண்டுமென்று நோயல் ஆசைப்பட்டான். எழுத்துத் தேர்வில் தேறினான். கண் பரிசோதனையில் தோற்றான். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கோலார் தங்கவயலில் இருக்கும் சாம்பியன் ரீப்ஸிலிருந்து பெங்களூருக்குப் போய்வந்தே இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தான்.

பெங்களூரிலேயே ஓர் ஆய்வுக்கூடத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். நோய் கண்டறியும் பட்டைகளுக்காகத் தங்கத்தை நுண்துகள்களாக நீரில் உருவாக்கும் இடம். பொறுப்பாளர் நளினி இரண்டு குப்பிகளை வைத்து, எது கெட்டுப்போனது என்று கேட்டார். நல்லது சிவப்பு, கெட்டது நீலம் கலந்த ஊதா. பார்த்ததும் யாரும் சொல்லிவிடலாம். நோயலின் கண்ணில் சிவப்பு ஏறாததால் இரண்டும் ஒரே மங்கலாகத் தெரிந்தன. குருட்டாம்போக்கில் ஒன்றைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

"எனக்குக் கலர் சரியாத் தெரியாது மேடம். ஆனா வெளிச்சத்தை அது இன்னா பண்ணுதுன்னு அளந்து சொல்றேன்."

எந்த நிற ஒளி எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை நளினி காட்டினார். ஒளி பட்டால் தங்கத் துகளின் எலக்ட்ரான்கள் கூட்டமாக ஊசலாடும். பிளாஸ்மான் என்பது அதுதான். அந்த ஊசலாட்டம் பச்சை ஒளியை விழுங்கிவிடுவதால், மிஞ்சிய சிவப்பு நம் கண்ணுக்கு வருகிறது. துகள்கள் ஒட்டிக்கொண்டால் ஊசலாட்டம் மந்தமாகிச் சிவப்பையே விழுங்கும். இதெல்லாம் நோயலுக்குத் தெரியும். முதல் குப்பிக்குத் திரையில் வரைகோடு கூரான குன்றாக எழுந்தது. அடுத்ததற்கு அது அகன்று வலப்பக்கம் நகர்ந்திருந்தது. "இது போச்சு," என்று இரண்டாவதை ஒதுக்கினான்.

சரிதான். ஆனால் தங்கம் துகளாகும்போது, சரியான சிவப்பு வந்ததும் அடுப்பை அணைக்க, கொதிக்கும் குடுவையில் நிறம் மாறுவதை நொடிக்கு நொடி எப்படிக் கவனிப்பீர்கள் என்று நளினி கேட்டார். ஒரு மாதம் தவணை கேட்டான், தயக்கத்தோடுதான் கொடுத்தார்.

குடுவையின் ஒரு பக்கம் பச்சை, சிவப்பு விளக்குகளும் மறுபக்கம் ஒளியுணரியும் பொருத்தினான். கொதிநீர்க் குமிழிகள் ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் கெடுத்தன. வீட்டில் தங்கை லவினா, வேறு வேலை தேடச் சொன்னாள்.

"இதான் வேலை. உட மாட்டேன்," என்றான்.

மறுநாள் ஒரு மெல்லிய குழாய் வழியே கரைசலைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்து, குமிழி அடங்கிய இடத்தில் ஒளியைப் பாய்ச்சினான். முதலில் குழாய் கழன்று மேசையெல்லாம் கொட்டியது. துடைத்துவிட்டு மீண்டும் மாட்டினான். இம்முறை திரையில் பச்சை ஒளியின் கோடு படிப்படியாக இறங்கி நின்றது. சிவப்புக் கோடு அசையவில்லை; துகள்கள் உருவாகிவிட்டன, ஒட்டிக்கொள்ளவில்லை. அடுப்பை அணைத்தான்.

நளினி குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்; நல்ல சிவப்பு. வேலை உறுதி என்றவர், அடுத்த குடுவைக்கும் இதேபோல் ஒரு கருவி வேண்டுமென்றார்.

நோயல் தலையாட்டிவிட்டுக் குழாயைக் கழுவப் போனான்.