தேதிப் பெட்டி

தையல் மெஷினை மூடிவிட்டு முப்பத்தெட்டு வயதில் கோடிங் படிக்கப் போனவளைப் பார்த்து உறவுக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே! லாரி ஓட்டிய கணவனுக்குப் பார்வை போய் மூன்று வருடம். கம்ப்யூட்டர் திரையைப் படித்துச் சொல்லும் குரலும் கீபோர்டும்தான் அவனுக்குத் துணை. பாதி வெப்சைட்களில் அந்தக் குரல் "பட்டன், பட்டன்" என்று உளறும். அந்தக் கோபத்தில் படித்தவள் அவள்.

ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். முதல் வேலை, ஓர் ஆஸ்பத்திரிக்கான விண்ணப்பப் பக்கம். டெலிபோன் ஆபரேட்டர் பதவி; பார்வையில்லாதவர்களுக்கென்றே இரண்டு இடங்கள். கணவனும் வீட்டில் விண்ணப்பிக்க உட்கார்ந்திருந்தான். இன்று கடைசி நாள், ஐந்து மணியோடு சரி.

நாலு இருபதுக்கு அவனிடமிருந்து போன் வந்தது.

"மேடம், உங்க பக்கம் என்னை வெளிய விட மாட்டேங்குது." கிண்டல்தான், ஆனால் குரல் நடுங்கியது.

"எங்க நிக்கிறீங்க?"

"பிறந்த தேதி. காலண்டர் திறந்துச்சு. டேப் கீ அடிச்சா முப்பத்தொண்ணு வரைக்கும் போகுது, மறுபடி ஒண்ணு. என்டர் அடிச்சாலும் தேதி விழல. அரை மணி நேரமா சுத்துறேன்டி."

அவள் மணியைப் பார்த்தாள். "விவரம் சொல்லுங்க, நானே போட்டுடறேன்."

"நாளைக்கு ஆபரேட்டர் சீட்லயும் நீயே உக்காந்துக்கிறியா?"

திரையைப் படிக்கும் குரலை வைத்து அவள் அந்தப் பக்கத்தைப் பத்துத் தடவை சோதித்திருந்தாள். கண்ணைத் திறந்துகொண்டு, வலது கையில் மவுஸோடு! காலண்டரை ஒவ்வொரு முறையும் மவுஸ்தான் மூடியிருக்கிறது. கைக்குத் தெரிந்தது மூளைக்குத் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பக்கத்தை மாற்ற மேனேஜர் ஒப்புக்கொள்ளவில்லை. "கடைசி நாள்ல கை வைக்காதீங்கம்மா. பக்கம் மொத்தமா படுத்துட்டா?"

"படுத்துதான் சார் கிடக்கு." பக்கத்தில் யார் எங்கே நின்றார்கள் என்ற பதிவைக் காட்டினாள். கீபோர்டால் அந்தப் பெட்டிக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டவர்கள் ஒன்பது பேர். மேனேஜர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சரியென்று தலையசைத்தார்.

கை சரியாக உட்காராத சட்டையை என்ன செய்வாளோ அதையே செய்தாள். காலண்டரை மொத்தமாகப் பிரித்து எறிந்தாள். நாள், மாதம், வருடம் என்று வெறும் மூன்று பெட்டிகள். மவுஸைப் பிடுங்கினாள், திரையை அணைத்தாள், குரலை மட்டும் கேட்டு டேப் அடித்தாள். விரல் விறைத்து இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை வெளியே வந்துவிட்டாள்.

மணி நாலு நாற்பத்தெட்டு. புதிய பக்கத்தை ஏற்றிவிட்டுக் கணவனை அழைத்தாள். போனில் கீபோர்டு சத்தம் கேட்டது. வருடத்தைத் தப்பாக அடித்துத் தன்னையே திட்டிக்கொண்டான். நாலு ஐம்பத்தேழுக்குக் கம்ப்யூட்டர் குரல் சொன்னது: "விண்ணப்பம் ஏற்கப்பட்டது."

அவன் சிரித்தான். அவள் அழுதேவிட்டாள்.

ஐந்து மணிக்குப் பக்கம் மூடியது. பதிவை மறுபடி பார்த்தாள். ஒன்பது பேரில் திரும்பி வந்து முடித்தவர்கள் அவனோடு சேர்த்து மூன்றே பேர்.

"ஆறு பேர் வரலைங்க," என்றாள் போனில்.

"எப்படி வருவாங்க? அவங்க வீட்ல நீ இல்லையேடி."

இரண்டே இடம். ஆறு பேர் கூடினால் போட்டி அவனுக்குத்தான் என்று இருவருக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் பேசு," என்று சொல்லி அவன்தான் முதலில் போனை வைத்தான்.

அவள் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். "சார், அந்தப் பக்கத்தை இன்னும் ஒரு நாள் திறந்து வைக்கணும். தப்பு விண்ணப்பிச்சவங்களோடது இல்ல. அதைச் செஞ்சது நான்."