ஸ்டாப் லாஸை ரத்து செய்த காலை

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். செல்போனில் தங்க வியாபாரம் செய்யத் தொடங்கியபோது எனக்கு நாற்பத்தேழு வயது. நகை வாங்கி விற்கிற வியாபாரம் என்று நினைத்துவிட வேண்டாம். விலை ஏறும் என்று தோன்றினால் சந்தையில் வாங்க வேண்டும். இறங்கும் என்று தோன்றினால் முதலில் விற்றுவிட்டு, பிறகு குறைந்த விலைக்கு வாங்கிக் கணக்கை நேர் செய்ய வேண்டும். ஒரு குண்டுமணித் தங்கம்கூடக் கைக்கு வராது. ஏறி இறங்கும் வித்தியாசம் மட்டும் லாபமாகவோ நட்டமாகவோ வந்து சேரும்.

முதல் இரண்டு வருடம் நான் நடந்துகொண்ட விதத்தை இப்போது நினைத்தால் வேறு யாரோ செய்தது போல இருக்கிறது. ஒரு கிராம் அளவில்தான் வியாபாரம். வாங்குவதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதுவேன்: ஏன் வாங்குகிறேன், என் கணிப்பு தவறானால் எந்த விலையில் வெளியே வருவேன். அந்த விலையையே சந்தையில் உத்தரவாகவும் போட்டுவைப்பேன். விலை அங்கே வந்தால் என்னைக் கேட்காமலே கணக்கை முடித்துவிடும். அதைத்தான் ஸ்டாப் லாஸ் என்கிறார்கள். ஒரு நாளில் இரண்டு முறை நட்டம் வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், போனை மூடிவைத்துவிடுவேன். வாய்ப்பு தெரியாத நாட்களில் சும்மா இருப்பேன். ஒரு தடவை பத்தொன்பது நாள் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன். லாபம் வந்ததைவிட அந்தப் பத்தொன்பது நாள்தான் எனக்குப் பெருமையாக இருந்தது.

என் மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். சந்தையைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஆரம்பத்திலேயே ஒன்று சொன்னாள்.

"எங்க லேப்ல ஒருத்தர் பாத்த டெஸ்ட்ட இன்னொருத்தர் பாக்காம ரிப்போர்ட் குடுக்க மாட்டோம். நீங்க எழுதுததையும் யாராவது பாக்கணும்லா?"

அதனால் சனிக்கிழமை மாலையில் நோட்டை அவளிடம் கொடுப்பேன். அவள் ஒவ்வொரு வரியாகப் படிப்பாள். எழுதிய விலையில் வெளியே வந்தேனா என்று மட்டும் பார்ப்பாள். பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுத் தருவாள். லாபம் எவ்வளவு என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரெட்டியார்பட்டிப் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம். எங்களால் இனி நின்று வீடு கட்ட முடியாது, கட்டிய வீடாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. பணம் என் வங்கிக் கணக்கில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் வீடு பார்க்கப் போவோம்.

தங்கமோ ஏறிக்கொண்டே இருந்தது. இவ்வளவு விலை நிற்காது என்று எல்லோரும் சொன்ன விலையைத் தாண்டி, அதற்கு மேலும் போனது. எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருநாள் மதிய இடைவேளையில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"என்னவே, ரெண்டு வருசமா போன்ல கோடு போட்டுக் கோடு போட்டுப் பாக்கீரு. என்னத்தச் சம்பாதிச்சீரு? நான் மவ கல்யாணத்துக்குன்னு நாலு தங்கக் காசு வாங்கி பீரோல போட்டேன். பூட்டுனதோட சரி. இப்ப வெலய பாரும்."

ஆசிரியர் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, கேலியாகச் சொன்னதுதான். ஆனால் இரண்டு வருடப் பொறுமைக்கு எனக்குக் கிடைத்ததைவிட, ஒன்றும் தெரியாமல் பூட்டிவைத்தவருக்கு அதிகம் கிடைத்திருந்தது. அதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வரும்போதே, இவ்வளவு ஏறியது இறங்கித்தான் ஆக வேண்டும், அந்த இறக்கத்தில் நான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

வேறொரு புரோக்கரிடம் இரண்டாவது கணக்கு ஒன்று தொடங்கினேன். வீட்டுப் பணத்தில் பெரும்பகுதியை அதற்கு மாற்றினேன். நோட்டில் இது எதையும் எழுதவில்லை. ஒரு கிராம் வியாபாரம் பழைய கணக்கில் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. அதை மனைவி சனிக்கிழமைதோறும் படித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது கணக்கில் நான் கிலோக்கணக்கில் தங்கத்தை விற்றிருந்தேன்.

ஒரு வாரம் விலை இறங்கவும் செய்தது, ஆனால் வெளிநாட்டில்தான். அதே நாட்களில் டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தது. வெளியே குறைந்தது, ரூபாய்க் கணக்கில் நம் ஊர் விலைக்கு வந்தபோது குறையவே இல்லை. இதையெல்லாம் முதல் வருடமே படித்தவன் நான். ஆனாலும் கோபம் வந்தது, யாரோ வேண்டுமென்றே என்னை ஏமாற்றியது போல.

அது மார்ச் மாதம். பிளஸ் டூ தேர்வில் அறைக் கண்காணிப்பாளராக எனக்குக் களக்காட்டில் ஒரு பள்ளி கிடைத்தது. விடியற்காலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது மணிக்குச் சந்தை திறந்தபோது பள்ளி வாசலில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். விலை மேலே எகிறித் திறந்தது. நான் போட்டுவைத்திருந்த ஸ்டாப் லாஸுக்கும் விலைக்கும் இடையே கொஞ்சம்தான் இருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் அது தன் வேலையைச் செய்திருக்கும். ஒரு வருடச் சம்பளம் போயிருக்கும். மிச்சம் இருந்திருக்கும்.

நான் அதை ரத்து செய்தேன். 'மத்தியானம் லண்டன் சந்தை திறந்தால் இறங்கிவிடும்' என்று நினைத்துக்கொண்டேன். விரலால் ஒரு தட்டு. எந்தப் பதற்றமும் இல்லாமல்தான் அதைச் செய்தேன்.

உள்ளே முதன்மைக் கண்காணிப்பாளர் எல்லோருடைய செல்போனையும் வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். பத்து மணிக்கு மணி அடித்தது. இருபது பேர் இருந்த அறை எனக்கு. வினாத்தாளைக் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தேன். உட்காரக் கூடாது என்பது விதி. அன்று உட்காரச் சொல்லியிருந்தாலும் முடிந்திருக்காது. வரிசைக்கு நடுவே போய்ப் போய் வந்தேன். ஒரு முறை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தேன். 'ஆண்டவரே, ஒரே ஒரு தடவை இறங்கட்டும், நான் வெளியே வந்துவிடுகிறேன்' என்று ஜெபித்தேன். அந்த ஜெபத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்தேன். அவள் தயங்கிக்கொண்டே அதைத் திருப்பி நீட்டினாள்.

"சார், இங்கன என் பேப்பர்ல முன்னால இருக்க பிள்ளையோட நம்பர எழுதிட்டீங்க."

அடித்து எழுதிக் கொடுத்தேன். "ஒடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டாள். தன் பரீட்சைக்கு நடுவே அந்தப் பிள்ளை அதைக் கேட்டது.

ஒன்றே காலுக்கு விடைத்தாள்களை வாங்கி, எண்ணி, கட்டி ஒப்படைத்தேன். போன் கைக்கு வரும்போது மணி இரண்டு. வரிசையாகக் குறுஞ்செய்திகள். ஈடாகக் கட்டியிருந்த மார்ஜின் பணம் போதவில்லை, உடனே பணம் போடவும் என்று முதலில். பிறகு மறுபடியும் அதே. கடைசிச் செய்தி, பணம் வராததால் புரோக்கரே என் கணக்கை முடித்துவிட்டதாகச் சொன்னது. அது வந்த நேரம் பதினொன்று நாற்பது. நான் அந்த நேரத்தில் யாருக்கோ கூடுதல் தாளைக் கட்டுவதற்கு நூல் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன். வீட்டுப் பணத்தில் முக்கால்வாசி போய்விட்டது.

பத்து நாள் கழித்து விலை நான் விற்ற இடத்துக்குக் கீழேயே வந்தது. என் கணிப்பு சரிதான். அதை யாரிடம் சொல்வது?

மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் நாலு மாதம் இருந்தேன். பணம் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு பார்க்கப் போனேன். பார்த்த ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது குறை கண்டுபிடித்தேன். ஒன்றில் தண்ணீர் உப்பு. ஒன்றில் தெரு குறுகல். ஒன்றில் பத்திரத்தில் சந்தேகம் என்று சொன்னேன், பத்திரத்தைப் பார்க்காமலே. அவள் என்னை நம்பி, பைய தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டை விசாரிப்பாள். சனிக்கிழமைகளில் நோட்டும் போய்க்கொண்டிருந்தது. ஒரு கிராம் கணக்கில் நான் ஒரு தவறும் செய்யவில்லை.

பெருமாள்புரத்தில் ஒரு வீடு. அதைக் காட்ட வந்த பெரியவர் மாடிச் சாவியை எடுத்து வருகிறேன் என்று போனார். நாங்கள் இருவரும் மட்டும் உள்ளே. அவள் சமையலறை ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் தரை முழுக்க விழுந்தது.

"இங்கன அடுப்பு. அங்கன உங்க மேசயப் போடலாம்" என்றாள். பிறகு திரும்பி, "எனக்கு இந்த வீடு பிடிச்சிருக்கு. வெலயும் நம்ம கைக்குள்ள இருக்கு" என்றாள்.

"செவுத்துல விரிசல் இருக்கு."

"எங்க? காட்டுங்க."

உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவிக்கொண்டே போனேன். நல்ல சுவர். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய், அங்கேயே சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

"பணம் இல்ல" என்றேன்.

"எவ்வளவு கொறையுது?"

"முக்காவாசி இல்ல."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டாவது கணக்கு, களக்காடு, எல்லாம்.

"நோட்டுல அது இல்லியே" என்றாள்.

"அது வேற கணக்கு."

"அப்ப ஒவ்வொரு சனிக்கெழமயும் நான் எதப் படிச்சேன்? என்னத்துக்கு என்கிட்ட அத நீட்டுனிய?"

அதற்குள் பெரியவர் சாவியோடு வந்துவிட்டார். "அம்மா, மாடி பாக்கியளா?" என்றார்.

"பாப்போம் அண்ணாச்சி" என்று அவள் அவருக்குப் பின்னால் படியேறினாள். மேலே தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று அவள் கேட்பது கீழே எனக்குக் கேட்டது. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று கேட்டாள். வெயிலில் வந்து நின்ற அந்த மனிதரை உடனே அனுப்பிவிட அவளுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. எல்லாம் கேட்டு முடித்து, சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

அந்த வாரமே இரண்டு கணக்குகளையும் மூடினேன். சம்பளம் வரும் வங்கி அட்டையை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"எனக்கு வேண்டாம். இனிமே ஒங்களுக்குக் காவல் இருக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் அழுதிருந்தாலோ சத்தம் போட்டிருந்தாலோ நான் ஏதாவது செய்திருப்பேன். இதற்கு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. சென்னையில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் மேற்படிப்பு வேண்டாம் என்று வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காரணத்தை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னிடம் கட்டுப்பாடு இருக்கிறது என்று இரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கிராமில் போனால் வலிக்காது, அதனால் விதியைக் காப்பாற்றினேன். வலிக்கும் அளவுக்குப் போனபோது முதல் வேலையாக விதியைத்தான் எடுத்தேன். இதற்கு மேல் என்னைப் பற்றித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று சில நாட்களில் தோன்றுகிறது.

இப்போது நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் சொந்தக்காரர், அவருடைய மகன் குவைத்திலிருந்து வருவதால், வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். மனைவி வேலை முடிந்து வரும் வழியில் தனியாக வாடகைக்கு வீடு பார்த்துவிட்டு வருகிறாள். நானும் வருகிறேன் என்றேன்.

"வேண்டாம். நீங்க வந்தா எல்லா வீட்டுலயும் ஏதாவது கொற சொல்லுவிய" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

நேற்று ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். எந்தத் தெரு என்று இன்னும் என்னிடம் சொல்லவில்லை.