அந்த நேரத்தில் என் கை போகவில்லை

இரட்சிக்கப்பட்டு ஏழு வருஷங்களுக்குப் பிறகு, ஒரு பெண் என் கண்முன்னால் செத்துப்போகட்டும் என்று நான் விரும்பினேன். அவரைக் காப்பாற்றுவது என் வேலை. அதற்குத்தான் என்னை அழைத்திருந்தார்கள். நான் நெடுந்தீவில் பிள்ளைப்பேறு பார்க்கும் அரசாங்க மருத்துவமாது.

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் சாட்சியைப் பல கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். இது நீங்கள் கேட்காத பகுதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் பொய்க்காரி.

எங்கள் குடும்பம் சைவக் குடும்பம். வரகும் பயறும் விதைத்து, பனையை நம்பிச் சீவித்தவர்கள். அறுபதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்தில் பயிற்சி எடுத்தபோது, கூடப் படித்த ஒருத்தி என்னை ஒரு ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கேதான் ஆண்டவரை அறிந்தேன். ஞானஸ்நானம் பெற்றேன். பயிற்சி முடிந்ததும் சொந்தத் தீவிலேயே வேலை கிடைத்தது. வீட்டுக்குப் போனேன். அண்ணர் நாகலிங்கம் என்னைப் பார்த்து ஒன்றும் பேசவில்லை. அவருடைய மனைவி பரமேஸ்வரி மச்சாள்தான் படலையில் நின்று சொன்னார், இந்த வீட்டில் இனி எனக்கு இடமில்லை என்று. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய வீட்டை எடுத்துத் தனியாக இருந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நாலு வருஷம் கழித்து அம்மா செத்துப்போனா. செய்தி கேட்டு ஓடினேன். படலை சாத்தியிருந்தது. உள்ளே பறை கேட்டது. மச்சாள் வெளியே வந்தார். கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவள் உள்ளே வந்தால் கிரியை செய்ய ஏலாது என்றார். அண்ணர் அவருக்குப் பின்னால் நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கல்வேலிக்கு வெளியே வெயிலில் நின்றேன். பாடை தூக்கிக்கொண்டு போகும்போது வெள்ளைத் துணி தெரிந்தது. அம்மாவின் முகம் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போனேன். தீவில் நாங்கள் பதினைந்து பேர்வரை விசுவாசிகள். பள்ளிக்கூட ஆசிரியர் ஞானமுத்து அண்ணரின் வீட்டில் கூடுவோம். அவர்தான் நடத்துவார். புதுப்பிறப்பு அடைந்தவனுக்குப் பழைய இருதயம் இல்லை, பாவத்தின் வேரே பிடுங்கப்பட்டுவிட்டது என்பது எங்கள் கூட்டத்தில் உறுதியாகச் சொல்லப்பட்டுவந்த போதனை. முடிவில் ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்பார், கசப்பு இருக்கிறதா, பகை இருக்கிறதா என்று. இல்லை என்று சொல்வோம். அன்று நான் எழுந்து நின்று, அம்மாவின் முகத்தைப் பார்க்க விடாதவர்மேல் எனக்கு எள்ளளவும் கோபம் இல்லை என்றேன். எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன். நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே என் மனம் அப்போது அமைதியாகத்தான் இருந்தது. அந்தச் சாட்சியைப் பிறகு வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் கூடச் சொல்லவைத்தார்கள்.

மூன்று வருஷம் போனது. ஒரு கார்த்திகை மாதம். நாலு நாளாக வாடைக்காற்றும் மழையும். காலை பத்து மணியிருக்கும். அண்ணர் நனைந்தபடி சைக்கிளில் வந்து என் வாசலில் நின்றார். அம்மாவின் செத்தவீட்டுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான் முதல் தடவை.

"தங்கச்சி, பரமேசுக்கு மாசம் நிறைஞ்சு வயித்துக்குத்து. விடியத் தொடங்கினது. டாக்குத்தரும் இல்லை."

டாக்குத்தர் காற்றுத் தொடங்கமுன்னமே ஒரு நோயாளியோடு அக்கரைக்குப் போயிருந்தார். காற்றால் அவருக்குத் திரும்பிவர ஏலாமல் போயிற்று. நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். போகும்போது ஜெபித்தேன். என் மனதில் எந்தத் தடுமாற்றமும் இல்லை. பார், எவ்வளவு லேசாகப் போகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. அதையும் சொல்லவேண்டும்.

மச்சாளுக்கு அது நாலாவது பிள்ளை. வயது முப்பத்தாறு. பிரசவம் கஷ்டமில்லாமல் நடந்தது. பெண்பிள்ளை. நன்றாக அழுதது. நஞ்சுக்கொடியும் முழுதாக வந்துவிட்டது. பிள்ளையைத் துடைத்து மச்சாளின் தாயாரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அப்போதுதான் கட்டிலில் விரித்த பாய் முழுவதும் இரத்தத்தில் நனைந்திருப்பதைக் கண்டேன்.

வயிற்றில் கையை வைத்துப் பார்த்தேன். பிள்ளை பிறந்தபின் கருப்பை கல்லுப்போல இறுகவேண்டும். அப்போதுதான் இரத்தம் நிற்கும். இது பஞ்சுபோலத் துவண்டு கிடந்தது. மச்சாளின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரத்தத்தை நிறுத்தும் ஊசிமருந்து என் பையில் ஒன்று இருந்தது. பை எனக்கு ஒரு முழத் தூரத்தில். கையை நீட்டினால் எடுக்கலாம்.

என் கை போகவில்லை.

பயத்தால் அல்ல. எனக்கு என்ன செய்யவேண்டும் என்று நன்றாகத் தெரியும். அந்த நேரம் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. வேறு பெயர் சொல்லத் தெரியவில்லை. வெயிலில் வேலிக்கு வெளியே நின்றவளின் சந்தோஷம். இப்போது நீ பார் என்று அது சொல்லிற்று. அது பிசாசின் குரல் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அது என் குரல். எனக்கு நன்றாகப் பழக்கமான குரல். எத்தனை மூச்சு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. நாலோ, பத்தோ. இரத்தம் போய்க்கொண்டிருந்தது.

பிறகு திடுக்கிட்டேன். மச்சாளுக்காக அல்ல, என்னைக் கண்டுதான் திடுக்கிட்டேன். ஏழு வருஷமாக இவள் எங்கே இருந்தாள்?

நான் ஜெபித்தேன். வாய்விட்டா மனதுக்குள்ளா என்று நினைவில்லை. என்ன சொன்னேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. ஆண்டவரே, எனக்கு இவரில் அன்பு இல்லை, உமக்கு இருக்கிறது, இந்த இருதயத்தை மாற்ற எனக்கு ஏலாது, இவரைச் சாகவிடாதேயும். இவ்வளவுதான். அழகான ஜெபம் அல்ல. விசுவாசத்தோடு சொன்னேனா என்றும் தெரியாது.

என் இருதயம் மாறவில்லை. அந்தச் சந்தோஷம் அப்படியே மூலையில் உட்கார்ந்திருந்தது. ஆனால் என் கை பைக்குள் போயிற்று.

ஊசியைப் போட்டேன். வயிற்றைத் தேய்த்தேன். பிள்ளையைத் தாயின் மார்பில் போடச் சொன்னேன். வேலியிலிருந்து கற்களை எடுத்துவந்து கட்டிலின் கால்மாட்டை உயர்த்தச் சொன்னேன். இரத்தம் நிற்கவில்லை. அண்ணர் வள்ளம் பார்க்கத் துறைக்கு ஓடினார். மழையோடு திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"கடல் விடுதில்லை, தங்கச்சி. ஒருத்தரும் வள்ளத்தை இறக்கமாட்டினமாம்."

சொல்லிவிட்டு அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். மச்சாளின் தாயார் மகளுடைய நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டே இருந்தார். எனக்கு இனிச் செய்வதற்கு இருந்தது ஒன்றுதான். ஒரு கையை உள்ளே கொடுத்து, மற்றக் கையை வயிற்றின்மேல் வைத்து, கருப்பையை இரண்டுக்கும் நடுவில் அழுத்திப் பிடித்தேன். தோள்வரை கை மரத்துப்போனது. விட்டால் இரத்தம் வரும். மச்சாளுக்கு நினைவு தப்பித் தப்பி வந்தது. நான் வெறுத்த பெண்ணின் உயிரை என் கைக்குள் பிடித்துக்கொண்டு, வெறுப்போடேயே, அந்த ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். உமக்கு இருக்கிறது. உமக்கு இருக்கிறது.

எவ்வளவு நேரத்துக்குப் பிறகு என்று சொல்ல முடியாது. என் விரல்களுக்கு நடுவில் அது மெல்ல இறுகிற்று. முதலில் நம்பவில்லை. இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். இரத்தம் குறைந்தது. பிறகு கசிவாக வந்தது. பிறகு நின்றது.

மறுநாள் காலையில் காற்று தணிந்தது. மோட்டார் வள்ளத்தில் புங்குடுதீவுக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து காரில் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்தது. தன்னைத் துரத்தினவளைத் தன் கையாலேயே காப்பாற்றினாள் என்று எங்கள் விசுவாசிகள் கண்ணீர்விட்டார்கள். எனக்கு அந்தப் புகழ் தொண்டையில் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் முடிவில் ஞானமுத்து அண்ணர் வழக்கம்போலக் கேட்டார். என் முறை வந்தது. எழுந்து நின்றேன். இருக்கிறது என்றேன். நடந்ததைச் சொன்னேன், ஊசிமருந்தைப் பார்த்துக்கொண்டு இருந்ததையும். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு சகோதரி, அப்படியானால் நான் உண்மையாக மனந்திரும்பவே இல்லை என்றார். இன்னொருவர் உபவாசம் இருந்தால் அந்த வேரும் போகும் என்றார். ஞானமுத்து அண்ணர் கூட்டத்தை வழக்கத்துக்கு முன்னமே முடித்துவிட்டார்.

மூன்று நாள் உபவாசம் இருந்தேன். தலை சுற்றியது. நாலாம் நாள் சந்தையடியில் மச்சாளின் தாயாரைக் கண்டேன். பழைய கசப்பு திரும்பவும் வந்தது. நான் உடைந்துபோனேன். நான் கிறிஸ்தவளா இல்லையா? இல்லையென்றால் எதற்காக வீட்டை இழந்தேன்? எதற்காக அம்மாவை இழந்தேன்? திருவிருந்து எடுப்பதை நிறுத்தினேன். வேதத்தைத் திறந்தால் எழுத்து எழுத்தாகத் தெரிந்ததேயொழிய ஒன்றும் உள்ளே போகவில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து, முடியமுன் எழும்பி வந்துவிடுவேன். பங்குனி மாதம்வரை இப்படித்தான் போயிற்று. அந்த நாட்களைப்போல நாதியற்ற நாட்கள் எனக்கு இருந்ததில்லை. வேலிக்கு வெளியே நின்ற அன்றுகூட எனக்கு ஆண்டவர் இருந்தார்.

ஒருநாள் பின்னேரம் ஞானமுத்து அண்ணர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. குடையை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாக்கியம், நீர் சொன்ன நாளிலை இருந்து எனக்கு நித்திரை இல்லை. அந்தக் கேள்வியை எல்லாரிட்டையும் கேட்டனான். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா நானும் இருக்கெண்டுதான் சொல்லியிருக்கவேணும்."

யார்மேல், எதற்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இனி அந்தக் கேள்வியைக் கேட்கப்போவதில்லை என்றும், தனக்காக ஜெபிக்கவேண்டும் என்றும் சொன்னார். என்னிடம் ஜெபம் கேட்டார், பாருங்கள். கூட்டத்துக்கு வரவே கூசிய என்னிடம். இரண்டு பேரும் வாசலில் நின்றபடி ஜெபித்தோம். நாலு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னால் ஜெபிக்க முடிந்தது.

ஜெபித்து முடித்ததும் என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்திருக்கலாம் என்று இருந்தது. மச்சாளிடம் போய்ச் சொல்லவேண்டும்.

அடுத்த நாள் போனேன். வழியில் இரண்டு தடவை திரும்பிவிட்டேன். மச்சாள் குசினிக்குள் அடுப்படியில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் இன்னும் இரத்தம் ஊறவில்லை. என்னைக் கண்டதும் பலகையை நகர்த்திப் போட்டார். நான் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னேன். இரத்தம் போய்க்கொண்டிருந்தபோது மருந்து பக்கத்தில் இருந்தும் நான் எடுக்கவில்லை என்று. நீங்கள் சாகட்டும் என்று நினைத்தேன் என்று.

அவர் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "உம்மடை முகத்தைப் பாத்துக்கொண்டுதானே கிடந்தனான். இவள் என்னை விடப்போறாள் எண்டு நினைச்சனான். நான் செய்ததுக்கு அது சரிதான் எண்டும் நினைச்சனான். பேந்து உம்மடை கை வந்தது. அதையும் பாத்தனான்."

பலகையில் உட்கார்ந்தேன். அவர்தான் முதலில் அழுதார். மாமியின் முகத்தைக் காட்டியிருக்கலாம், மாமிதான் கடைசியில் உம்மைக் கேட்டவ என்றார். அது எனக்குப் புதிய செய்தி. அதைக் கேட்டதும் வெறுப்பு ஒருமுறை பொங்கி எழுந்தது. உங்களுக்கு மறைக்கமாட்டேன். மன்னிப்புக் கேட்கப்போன இடத்திலேயே எழுந்தது. ஆனால் இந்தமுறை அதைக் கண்டு நான் ஓடவில்லை. ஆண்டவரே, இதோ திரும்பவும் வந்துவிட்டது என்று அங்கேயே சொன்னேன். சொல்லிவிட்டு அவர் ஊற்றித்தந்த தேத்தண்ணீரைக் குடித்தேன்.

இது நடந்து சில வருஷங்களாகின்றன. மச்சாள் இன்றும் திருநீறு பூசுகிறார், கோயிலுக்குப் போகிறார். நான் அந்த வீட்டுக்குப் போய்வருகிறேன். சில நாட்களில் அன்போடு போகிறேன். சில நாட்களில் படலையைக் கண்டதும் பழைய கசப்பு எழும்பும். அப்போதும் போகிறேன். திருவிருந்துக்கும் போகிறேன். முன்பு சுத்தமான இருதயத்தோடு போகிறேன் என்று நினைத்துப் போனேன். இப்போது பசியோடு போகிறேன்.

மனந்திரும்பின பிறகும் இருதயத்தில் பாவம் இருக்குமா என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் வேதபாடம் சொல்லத் தகுதியானவள் அல்ல. என்னுடையதில் இருக்கிறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். முன்பு அது இருந்தும் எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்த அந்த ஏழு வருஷந்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கர்த்தர் எனக்குச் செய்த பெரிய உதவி, ஒரு உயிரைத் தந்தது மட்டுமல்ல, நான் யார் என்று காட்டிய பிறகும் என்னைத் தள்ளிவிடாமல் வைத்திருப்பது. அதற்காக அவரை ஸ்தோத்திரிக்கிறேன்.

உங்களில் யாராவது இன்று கடைசி வரிசையில் இருந்து, முடியமுன் எழும்பிப் போகக் காத்திருந்தால், தயவுசெய்து இருங்கள். உள்ளே இருப்பது போனபிறகு ஜெபிக்கலாம் என்று நினைக்காதேயுங்கள். அதை வைத்துக்கொண்டே ஜெபியுங்கள். அவர் கேட்கிறார்.