என் பங்காளி நாச்சிமுத்துவின் தோள்

தென்னைக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தபோது என் மனைவி வரப்பில் வந்து நின்றாள். "ஏனுங்க, வடக்கத் தோட்டத்துக்காரரு போயிட்டாருங்களாமா" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வது நின்றுபோய் வருஷக்கணக்காகிறது. நான் மோட்டாரை நிறுத்திவிட்டு மேட்டில் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

பாலக்காட்டுப் பக்கம் நம் எலப்புள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் நாச்சிமுத்துவைத் தங்கமான மனிதர் என்றார்கள், யாருக்கும் தீங்கு நினைக்காதவர் என்றார்கள். அந்த மனிதரை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவர் என் பெரியப்பா மகன், முறைக்கு எனக்கு அண்ணன், எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் பொதுவான வண்டிப்பாதையை மறித்துக் கல்தூண் நட்டவர்.

நான் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அதைச் செய்தார். ஆள் வைக்கவில்லை, வண்டி வைக்கவில்லை. ஒவ்வொரு தூணாகத் தோளில் சுமந்து வந்து தானே குழி பறித்து நட்டார். நான் திரும்பி வந்தபோது கடைசித் தூணோடு வந்துகொண்டிருந்தார். ஆறடி உயரம், தோளில் கல், முகத்தில் சிரிப்பு. "எடுக்க முடிஞ்சா எடுத்துக்கடா" என்றார். "கோர்ட்டுல பாத்துக்கலாமுங்க" என்றேன். எங்கள் பக்கத்தில் சண்டை போட்டாலும் அந்த 'ங்க' போகாது. அது மரியாதை இல்லை, வாய்ப் பழக்கம். அன்றிலிருந்து நான் வெறுத்தது அவரை மட்டும் இல்லை, அந்தத் தோளையும்தான். பாலக்காட்டுக் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. இன்னும் முடியவில்லை.

அடுத்து நாங்கள் பேசிக்கொண்டது கோயம்புத்தூரில், புற்றுநோய் டாக்டரின் அறைக்கு வெளியே. எனக்குப் புரோஸ்டேட்டில் புற்று என்று சொல்லி ஊசி போட ஆரம்பித்திருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அவர் ஊசி போட்ட வயிற்றில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"உனக்குமா?"

"ஆமாங்க."

"எனக்கு முன்னாடியே வந்துருச்சு" என்றார், அதிலும் மூத்தவர் தான்தான் என்பது போல. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

அந்த ஊசியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள நீங்கள் விரும்பவும் இல்லை. அது உடம்பில் ஊறும் ஆண் ஹார்மோனை அடக்குகிறது. அது அடங்கினால் புற்றும் அடங்கும். கூடவே சதையும் கரையும், எலும்பும் மெலியும். திடீரென்று உடம்பு தீயாய் எரியும். மார்பு பெண்களுக்குப் போல வீங்கும். மண்வெட்டி முதல் நாளைவிட மறுநாள் கனமாக இருக்கும். டாக்டர் எங்கள் இருவருக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருந்தார்: "படுத்துடாதீங்க. நடங்க, எடை தூக்குங்க. சதையைக் காப்பாத்தறது உங்க கையிலதான் இருக்கு."

வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். நாச்சிமுத்து தேங்காய்க் குலையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பாதி வழியில் கீழே வைத்தார். முதலில் சுற்றிப் பார்த்தார். நான் நிற்பது தெரிந்ததும் குலையைக் காலால் தள்ளினார், அங்கேயே வைக்கத்தான் வந்தேன் என்கிற மாதிரி. வெறும் மேலோடு தோட்டத்தில் திரிந்தவர் அந்தச் சித்திரையில் சட்டை போட்டுக்கொண்டு, மேலே துண்டும் போர்த்தியிருந்தார். ஏன் என்று எனக்குத் தெரியும். நானும் சட்டையைக் கழற்றுவதில்லை.

தீராத நோயாளிகளைக் கவனிக்கும் பஞ்சாயத்தின் சாந்துவனப் பிரிவில் ரீனா என்று ஒரு பிசியோதெரபிப் பெண் இருக்கிறது. மலையாளப் பெண், ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசும். எங்கள் வார்டில் இந்த ஊசி போடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதனால் ஒரே நேரத்தில் வரச் சொல்லி நாற்காலிகளை எதிரெதிரே போட்டது. நாங்கள் இருவரும் சுவரைப் பார்த்தோம்.

"வழக்கு கோர்ட்டுல போதும், இங்க வேண்டா" என்றது ரீனா. "ரெண்டு பேரும் கை ஊனாம எழுந்திரிங்க."

என்னால் முடியவில்லை. அவராலும் முடியவில்லை. பாதி எழுந்து தொப்பென்று உட்கார்ந்தோம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்ர முன்னால கைய ஊனி எந்திரிக்கறதுக்கு நான் உக்காந்தே செத்துப் போவேன்" என்றார். அடுத்த வாரம் கை ஊன்றாமல் எழுந்தார். அதற்கு மறுவாரம் நானும் எழுந்தேன், அவர் எழுந்துவிட்டார் என்கிற ஒரே காரணத்துக்காக.

பிறகு மணல் மூட்டை வந்தது. நான் பாதி மணலைக் கொட்டிவிட்டுத் தூக்குகிறேன் என்று ரீனாவிடம் கோள் சொன்னார். அவருக்கு மூச்சு முட்டும்போது, எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நட்பெல்லாம் வரவில்லை. அப்படி எதையாவது எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு பேரும் கம்பியைப் பிடிக்காமல் பஸ் ஏறினோம். என் கை மறுபடி தண்ணீர் வால்வைத் திருகியது. அவர் குலையை வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அந்த மழையில் வண்டிப்பாதைத் தூண் ஒன்று சாய்ந்து விழுந்திருந்தது. வழி திறந்தது என்று எனக்குச் சந்தோஷம். ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், அவர் அந்தக் கல்லின் கீழே கைகொடுத்துக் குந்தியிருக்கிறார். முழங்காலை ஊன்றி, தொடையில் ஏற்றி, நெஞ்சோடு அணைத்து மெல்ல எழுந்தார். கால் நடுங்கியது. கல்லைக் குழிக்குள் இறக்கினார், மண்ணை மிதித்தார், கையைத் துடைத்துக்கொண்டார். ஊசி தின்றது போக மிச்சமிருந்த சதையை வளர்த்து வளர்த்து, அந்த மனிதர் அதைக்கொண்டு செய்த முதல் காரியம் என் வழியை மறுபடி அடைத்ததுதான்.

வக்கீலுக்குப் போன் செய்தேன். ஆனால் அப்படி ஒரு எழுச்சியை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்க்கவில்லை.

அதை நான் மட்டும் பார்க்கவில்லை. பால் சொசைட்டிக்குப் போகிற வழியில் சிலர் நின்று பார்த்தீர்கள். சிரித்தீர்கள். "கெழவனுக்குப் பயில்வான் ஆகோணுமாட்ட இருக்குது" என்று சொசைட்டி வாசலில் ஒருவர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "பெத்த பசங்க இருந்தும் இந்த வயசுல கல்லுத் தூக்க உடறானுக" என்றார் இன்னொருவர். அது அவர் மகன் செந்திலின் காதுக்குப் போயிற்று. செந்தில் நல்ல பையன் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நல்ல பையன் உடனே அப்பாவின் அறைக்கு ஏசி வைத்தான், சாய்கிற கட்டில் வாங்கினான், ஆள் போட்டான். வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறேன் என்று போன ரீனாவைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினான்.

எதிர் நாற்காலி வாரக்கணக்கில் காலியாகக் கிடந்ததும் நான் அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் படியில் நான் கால் வைப்பேன் என்று என் மனைவிகூட நினைத்திருக்க மாட்டாள்.

"அப்பாவுக்கு ரெஸ்ட் வேணுங்க, சித்தப்பா" என்றான் செந்தில். "எழுவத்தஞ்சு தாண்டிருச்சு. பாடுபட்டது போதாதா?"

"டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாராப்பா?"

"டாக்டருக்கு ஊருக்குள்ள மூஞ்சி காட்ட வேண்டியதில்லீங்க. எங்களுக்கு இருக்குது."

உள்ளே நாச்சிமுத்து படுத்திருந்தார். தொடை போர்வைக்குள் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் கண் மட்டும் பழைய மாதிரி ஆனது.

"நீ எதுக்குடா வந்தே?"

"கல்லப் புடுங்கப் போறேன். சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

"புடுங்குவே" என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். கை ஊன்றாமல் எழப் பார்த்தார். செந்தில் ஓடி வந்து, "அப்பா, படுங்கப்பா" என்று தோளில் கை வைத்து அழுத்தினான். அவர் படுத்துவிட்டார். என் ஆயுசில் அந்தத் தோளை யாரும் கீழே அழுத்தி நான் பார்த்ததில்லை. பெற்ற மகன் ஒற்றைக் கையால், பாசத்தோடு அழுத்தினான்.

நான் வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து குரல் கேட்டது. "அந்த ரீனாப் புள்ளகிட்டச் சொல்லு, வர்ற வாரம் வருவேன்னு." சொன்னேன். அவர் வரவில்லை.

குளியலறைக்குப் போன வழியில் கால் மடிந்து விழுந்தார். மெலிந்துபோன எலும்பு, இடுப்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. மறுபடி எழ உடம்பில் சதை இல்லை. படுத்த படுக்கையிலேயே நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். கூட்டத்தில் எல்லோரும் 'புற்றுநோயோடு போராடி மறைந்தார்' என்றீர்கள். கடைசி ரத்தப் பரிசோதனையிலும் புற்று அடங்கித்தான் இருந்தது என்று செந்திலே என்னிடம் சொன்னான். பாம்பை அடித்துப் போட்டுவிட்டு வந்த மனிதரை நீங்கள் மெத்தையில் கிடத்திக் கொன்றீர்கள். சிரித்தவர்கள் மாலையோடு வந்திருந்தீர்கள். ஒவ்வொரு முகமும் எனக்கு நினைவிருக்கிறது.

சாவு வீட்டில் பாடை தூக்கும் நேரம் வந்தது. பங்காளிகள் தூக்க வேண்டும். நான் முன்னால் போனேன். செந்தில் என் தோளில் கை வைத்தான். "நீங்க வேண்டாமுங்க சித்தப்பா. உங்களுக்கும் ஒடம்பு சரியில்ல, செரமம் எதுக்கு?"

"கைய எட்றா" என்றேன். அன்றுதான் என் வாயில் மரியாதை போயிற்று.

மூங்கிலைத் தோளில் வாங்கினேன். அண்ணன் கனக்கவில்லை. முன்பக்கம் பிடித்த எனக்கு ஆள் இருக்கிற மாதிரியே தெரியவில்லை. கல்தூண் சுமந்த உடம்பு அது. சுடுகாடு வரைக்கும் நான் தோள் மாற்றவே இல்லை. மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கனமின்மையைத்தான். மன்னிப்பு எதுவும் இல்லை, அவருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு என் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன்: "என்னை எவனும் படுக்கச் சொல்லக் கூடாது. நான் போறன்னிக்கு, தூக்கறவனுக்குத் தோளு வலிக்கோணும்."