ஆம்பூரில் ஒரு மணி நேரம் ஊறிய விலாக்கறி

பக்ரீத்துக்கு மறுநாள் ஆம்பூர் போய்வந்தேன். விருந்துக்காகத்தான் போனேன் என்று சொன்னால் என் வயிற்றை அறிந்தவர்கள் உடனே நம்பிவிடுவார்கள். ஆனால் இந்த முறை காரணம் வேறு. என் பள்ளித் தோழன் யூசுப்பின் அத்தாவுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. அன்றிலிருந்து, வீட்டு ஆண்கள் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹனுக்கு அவர் வருவதில்லை. அறையில் தனியாகக் கஞ்சி குடிக்கிறார். பேசும்போதும் துண்டால் வாயை மூடிக்கொள்கிறார். "விருந்தாளி வந்தா மரியாதைக்காவது வந்து உக்காருவாருடா, நீ வா" என்று யூசுப் சொல்லி அனுப்பியிருந்தான்.

காட்பாடியிலிருந்து ஆம்பூர் முப்பது மைலுக்குக் கொஞ்சம் மேல். காலைப் பாசஞ்சரில் மூன்றாம் வகுப்புக்கு எட்டணா. ஊர் வந்துவிட்டது என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், தோல் நாற்றம் முன்னாலேயே வந்து வரவேற்கும். கைக்குட்டையை எடுத்த என்னைப் பார்த்து ஜட்காக்காரர் சிரித்தார்.

"ஊருக்குப் புதுசா சார்? ரெண்டு நாள் இருங்க, ஒண்ணும் தெரியாம பூடும்."

இரண்டு நாள் தங்கும் எண்ணம் எனக்கு இல்லை. மாலை ரயிலுக்குத் திரும்புவதாக வீட்டில் சொல்லியிருந்தேன்.

யூசுப் கொல்லையில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான். குர்பானி ஆட்டின் விலா ஒரு பக்கம் முழுக்க, முந்தின இரவே அரைத்த பப்பாளிக்காயில் புதைந்திருந்தது. தோல் பதனிடும் குடும்பம் அல்லவா! தொட்டியில் நாள்கணக்காகத் தோலை ஊறப்போட்டுப் பழகியவன், கறியையும் அப்படியே ஊறப்போட்டுவிட்டான். நான் ஓர் எலும்பைப் பிடித்துத் தூக்கினேன். எலும்பு மட்டும் கையோடு வந்தது.

"இன்னாடா இது, களியா?"

"மெத்துனு இருக்கணும்னு ஜாஸ்தி போட்டுட்டேன்டா." அவன் முகம் வாடிவிட்டது. "இத அத்தா பாத்தா அவ்ளோதான். கிழவனுக்காகக் குழைச்சீங்களான்னு கேட்டுட்டு ரூமுக்குப் பூடுவாரு."

குழைந்ததைக் கறி உருண்டை பிடிக்க உள்ளே அனுப்பினோம். நல்லவேளை, மறுபக்கத்து விலா மீந்திருந்தது. உள்புறத்துச் சவ்வை ஒரு துணியால் பிடித்து உரித்தேன். அது இருந்தால் மசாலாவும் இறங்காது, கடிக்கவும் வராது. ஒரு சேர் கறிக்கு ஒரு நெல்லிக்காய் அளவு பப்பாளி விழுது, அதோடு தயிர், இஞ்சி பூண்டு, மிளகு. சரியாக ஒரு மணி நேரம். உப்பை வாட்டும்போதுதான் தூவினோம். கங்கு வெளுத்துச் சாம்பல் பூத்த பிறகு, எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி, எட்டத்தில் வைத்து நிதானமாக வாட்டினோம். அவசரப்பட்டால் மேலே கரியும், உள்ளே ரப்பராகும்.

எனக்காகப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். துண்டு வாயில்தான் இருந்தது. எல்லோருக்கும் ஒரே கறிதான். அவர் ஒரு விலாவை எடுத்தார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். யூசுப் ஒரு பருக்கை கூட விழுங்கவில்லை. கறி மெல்ல விட்டுக்கொடுத்து எலும்பை விட்டு வந்தது. பெரியவர் வெறும் எலும்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யூசுப்பு, இத எத்தினி நாள் தொட்டில போட்ட?"

அவருக்காகத்தான் ஊறப்போட்டோம் என்பது தெரிந்துவிட்டது!

"ஒரு மணி நேரம்தான் அத்தா" என்றான் யூசுப், தலை நிமிராமல்.

பெரியவர் சிரித்தார். துண்டு மடியில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. வாய் நிறையச் சிரித்துவிட்டு அடுத்த விலாவை எடுத்தார்.

"நாளைக்கும் போடு. தம்பியும் இருக்கட்டும்."

யூசுப் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். முகம் கழுவத்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

போகிறவர்களுக்கு என் யோசனை இரண்டு. பப்பாளியைக் கம்மியாகப் போடுங்கள். மாலை ரயிலுக்குத் திரும்பிவிடுவதாக வீட்டில் சொல்லிவிட்டு மட்டும் போகாதீர்கள்.