மாடிப்படியில் நின்றவள்

எங்கள் மாடிக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன். மேலே நத்தைக்கூடு சுருள் சுருளாகப் பதிந்த கல். அரியலூர்ப் பக்கம் மண்ணைக் கிண்டினால் இப்படி வரும். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம்.

பருத்திக் கொல்லையில் களை வெட்டும்போது அதை எடுத்தவள் என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. “போன கடல் ஒரு நாள் திரும்பி வரும், பாருங்க” என்று கதையை ஆரம்பித்தாள். அவள் சொன்னால் பொய்க்கும் உயிர் வந்துவிடும். முதலில் தன் பிறந்த ஊர் மீன்சுருட்டியைத்தான் முழுகவிட்டாள். பிறகு கடல் எங்கள் தெருவுக்கு வந்தது. ஊரில் அப்போது மாடி வீடு என்னுடையது ஒன்றுதான். நானும் என் வீட்டுக்காரரும் உழைத்துக் கட்டியது. அந்தப் பெருமை எனக்கு இன்னும் உண்டு. அதனால் கதையில் சனமெல்லாம் என் மாடிப்படியில்தான் வந்து நிற்கும். “அக்கா, கீழ இன்னார் நிக்கிறாங்க, ஏத்திக்கலாமா?” என்று தினம் ஒருவரை நிறுத்துவாள். நானும் மகாராணி மாதிரி, ஏத்திக்க என்பேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். வரப்புச் சண்டையில் எனக்கும் அவளுக்கும் பேச்சு நின்று வருஷக்கணக்காகியிருந்தது. அவளும் நாலு சால் தள்ளிக் களைதான் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“அவ வேணாம்.”

“இடுப்புல புள்ளையோட நிக்கிறாக்கா.”

“புள்ளைய மட்டும் வாங்கிக்க.”

“பால்குடிப் புள்ளையாச்சே, நீயா குடுப்ப?”

கொல்லையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்தளவுத் தண்ணீரில் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அவள் நிற்பது கண்ணில் தெரிந்துவிட்டது. “ஏறித் தொலையச் சொல்லு” என்றேன். பக்கத்து வீட்டுக்காரி நிமிரவில்லை, அவள் களைக்கொத்துச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்கவில்லை.

அந்த ஐப்பசி மழையில் அவள் வீட்டுச் சுவர் நிஜமாகவே சரிந்தது. இடுப்பில் பிள்ளையும் கையில் ஆடுமாகத் தெருவில் நனைந்துகொண்டு நின்றாள். வாய் திறந்து என்னிடம் கேட்கமாட்டாள். வீம்பில் அவளும் என்னை மாதிரிதான். எனக்கும் யோசிக்க ஒன்றும் இல்லை. யோசனையெல்லாம் பருத்திக் கொல்லையிலேயே முடிந்திருந்தது.

“என்ன நிக்கிற, ஏறி வாடி.”

“நீதான் அன்னைக்கே ஏறச் சொல்லிட்டியே” என்று ஆட்டையும் இழுத்துக்கொண்டு படியேறினாள்.

“ஆட்டைச் சொல்லலியே” என்றேன். மழையில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம்.

ஓரகத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள். கடல் இன்னும் வரவில்லை. ஊரெல்லாம் இப்போது மாடி வீடு. பக்கத்து வீட்டுக்காரிக்கு என்னைவிட ஒரு மாடி கூடுதல். ஆனாலும் மிளகாய் காயப்போட இங்கேதான் வருகிறாள், வெயில் இங்கேதான் நன்றாக விழுகிறதாம். படியேற அவளுக்கு மூச்சு வாங்குகிறது. சத்தம் கேட்டதும் நான் அந்தக் கல்லைக் காலால் நகர்த்தி, கதவை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்து வைக்கிறேன்.