பொதுஜனம் போட்ட வட்டங்கள்

மருத்துவமனை வாசலுக்கு நேர் எதிரே இரண்டு மெஷின் போட்ட தையல் கடை. ஒன்றில் அக்கா, மற்றதில் தம்பி. டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்கு அளவெடுக்கப் போன தம்பியை, ஐந்து வருடத்துக்கு முன் நெறிமுறைக் குழுவில் உட்கார வைத்துவிட்டார்கள். புது மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து ஆராயலாமா, கூடாதா என்று தீர்மானிக்கும் குழு அது. மருத்துவம் தெரியாத சாதாரண ஆள் ஒருவர் அதில் இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. அன்றிலிருந்து லிஃப்ட்காரர் முதல் டீன் வரை அவனுக்கு ஒரே பெயர்தான்.

"பொதுஜனம் வந்தாச்சா? அப்பக் கூட்டத்தை ஆரம்பிங்க."

நோயாளி கையெழுத்துப் போடும் சம்மதப் படிவத்தை அவன் வரிவரியாகப் படிப்பான். புரியாத சொல்லைச் சுற்றி, துணியில் குறி போடும் நீலச் சாக்கட்டியால் வட்டம் போடுவான். அதை மாற்றி எழுதும்வரை கையெழுத்துப் போட மாட்டான். அந்த வட்டங்களை எண்ணி அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பது அக்கா. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் அவள் நோட்டில் ஒரு அடித்தல்கூட இருக்காது.

குழுவின் பதிவைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. உறுப்பினர்களை நேரில் பார்க்க வேண்டுமென்று அரசு அதிகாரி ஒருவர் கடைக்கே வந்தார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. நோட்டை விரித்தாள்.

"பாருங்க சார். மொத வருஷம் அறுபத்து மூணு வட்டம். அப்புறம் நாப்பது, இருபத்தாறு, ஒம்பது. இந்த வருஷம் ரெண்டே ரெண்டு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இவருக்கு எல்லாம் புரியுது."

"கற்பூர புத்தி சார் அவனுக்கு."

"அதாம்மா சிக்கல். புரிஞ்சவங்க ஏற்கெனவே ஆறு பேர் இருக்காங்க. சாதாரண ஆள் இல்லாத குழுவை நான் எப்படிப் பதிவு பண்றது? இவரை நீக்கித்தான் ஆகணும்."

அக்கா நோட்டைப் படக்கென்று மூடினாள்.

"ஏங்க்கா, அந்த நோட்ட நீட்டலேன்னா உனக்குத் தூக்கம் வராதா?" என்றான் தம்பி.

"நீ ஏண்டா இவ்வளவு தேறின?"

அதிகாரி நான்கு பக்கத் தாளை எடுத்து வைத்தார். "விலகல் படிவம். கடைசிப் பக்கத்துல கையெழுத்துப் போடுங்க."

படிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத கை அது. தம்பி சாக்கட்டியை எடுத்தான். முதல் பக்கத்திலேயே ஐந்து வட்டம். அக்கா பக்கத்தில் நின்று வாய்க்குள் எண்ணினாள். நான்காம் பக்கம் முடியும்போது பத்தொன்பது.

"இந்த வரி என்ன சொல்லுது சார்?"

"அது வந்து... அதாவது..." அதிகாரி தாளைத் தன் பக்கம் திருப்பினார். மறுபடி படித்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"யார் சார் எழுதினது இதை?"

"நான்தான்."

மெஷின் மேலேயே வைத்து அதிகாரி அறிக்கையை எழுதி முடித்தார்: 'இந்த உறுப்பினருக்குப் புரியவில்லை என்பது நேரில் சரிபார்க்கப்பட்டது. திருப்தி.' பதிவு புதுப்பிக்கப்பட்டது.

அக்கா அந்த அறிக்கையின் நகலைச் சட்டம் போட்டு, கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினாள். பிறகு அளவு நோட்டை எடுத்தாள். அதில் முதல்முறையாக ஒரு அடித்தல் விழுந்தது. இரண்டை அடித்துவிட்டு, இருபத்தொன்று என்று எழுதினாள்.